நம்ம ஊருக்கு உரிமை வந்த கதை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு யார் யார் என்ன எழுதறதுன்னு பேசினப்போ, சேமிப்பு அனுபவம், கைத்தொழில், சமையல் குறிப்பு எல்லாத்தையும் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. என் பங்குக்கு வந்தது "அடிப்படை உரிமைகளும் கடமைகளும்". நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சட்டம் படிச்சவ இல்ல. சட்ட விழிப்புணர்வுப் பயிற்சியில வக்கீல் அம்மா சொன்னது, பிள்ளைங்க சமூக அறிவியல் புத்தகத்துல இருக்கறது, ஊர்ப் பெரியவங்க சொல்லக் கேட்டது, இது மூணையும் சேர்த்து எழுதறேன்.

உரிமை ஆறு, கடமை பதினொண்ணுன்னு வரிசையா எழுதிட்டா கட்டுரை ஒரு பக்கத்துல முடிஞ்சிடும். ஆனா மத்த ஊருக்கு வந்த மாதிரி நம்ம புதுச்சேரிக்கு இந்த உரிமை வரலை. நாடு முழுக்க 1950ல வந்தது, நமக்கு 1962லதான் முழுசா வந்தது. அந்தக் கதை தெரிஞ்சாதான் உரிமைக்கும் கடமைக்கும் என்ன சம்பந்தம்னு சரியாப் புரியும். அதனால கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிரெஞ்சுக்காரங்க காலத்துல

மனுஷன் பிறக்கும்போதே சுதந்திரமா, சமமா பிறக்கிறான்னு 1789ல உலகத்துக்கு அறிக்கை போட்ட நாடு பிரான்ஸ். அந்த பிரான்ஸ்தான் நம்ம ஊரை ஆண்டுச்சு. 1848ல அங்க குடியரசு வந்தப்போ, இங்க இருந்த வயசு வந்த ஆம்பளைங்களுக்கும் ஓட்டு கொடுத்தாங்க. அப்போ பக்கத்துல இருக்கற கடலூர்ல வெள்ளைக்காரன் ஆட்சி, அங்க யாருக்கும் ஓட்டு கிடையாது. 1871ல இருந்து புதுச்சேரிக்காக பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினரையும் அனுப்பினாங்க.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டுப் போடறதுல ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், நம்ம ஆளுங்களுக்கு வேற பட்டியல்னு பிரிச்சு வச்சாங்க. ஆள் கொஞ்சமா இருந்தாலும் அவங்க பட்டியலுக்குத் தனியா இடம் உண்டு. தேர்தல்னா அடிதடியும் கள்ள ஓட்டும்னு பேர் வாங்கின காலம் அது. பெண்களுக்கு ஓட்டே இல்ல. பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கே 1944லதான் ஓட்டுரிமை வந்ததுன்னா பாருங்க. சமம்னு அறிக்கை போட்டு 155 வருஷம் ஆன பிறகுதான் அதுல பெண்களையும் சேர்த்தாங்க.

புதுச்சேரி டவுன்ல லபோர்த் வீதின்னு ஒரு வீதி இருக்கு. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு செருப்புக் கதை இருக்கு. பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு வக்கீல் 1873ல ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போனார். இந்தியர்கள் அப்படி வரக்கூடாதுன்னு நீதிபதி அவரை வாதாட விடலை. அவர் சும்மா இருக்கலை. பாரிஸ்ல இருக்கற பெரிய கோர்ட் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயிச்சார். பிறகு 1881ல ஒரு ஆணை வந்தது. சாதி வழக்கம், குடும்ப வழக்கத்தை எல்லாம் விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டா பிரெஞ்சுக்காரருக்குச் சமமான உரிமைன்னு சொன்னாங்க. பொன்னுத்தம்பி அப்படி எழுதிக் கொடுத்து, லபோர்த்னு குடும்பப் பேர் வச்சுக்கிட்டார். அந்தச் சொல்லுக்குக் கதவுன்னு அர்த்தமாம்.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். அந்த 1881 ஆணையில, நீ உன்கிட்ட இருக்கற ஒண்ணைக் கொடு, நான் உரிமை தரேன்னு ஒரு கணக்கு இருக்கு. எழுதிக் கொடுத்தவனுக்கு உரிமை, கொடுக்காதவனுக்குக் குறைச்சல். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி இதுக்கு வரேன்.

பன்னிரண்டு உயிர்

கடலூர் ரோடு வழியா டவுனுக்குப் பஸ்ல போறப்போ பழைய மில்லுங்க இருந்த இடத்தை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அந்தக் காலத்துல சவானா மில், ரோடியர் மில்லுன்னு பேர். விடியறதுக்கு முன்னாடி உள்ள போனா இருட்டின பிறகுதான் வெளிய வரணும். சங்கம் வைக்க உரிமை இல்ல.

எட்டு மணி நேர வேலை வேணும், சங்கம் வைக்கற உரிமை வேணும்னு தொழிலாளிங்க போராடினாங்க. மக்கள் தலைவர் வ. சுப்பையா அவங்களோட நின்னார். 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லுல போலீஸ் சுட்டதுல 12 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. இந்தச் சேதி பாரிஸ் வரைக்கும் போச்சு. 1937 ஏப்ரல் 6ஆம் தேதி பிரெஞ்சு அரசாங்கம் ஆணை போட்டு, எட்டு மணி நேர வேலையையும் சங்கம் வைக்கற உரிமையையும் கொடுத்துச்சு. ஆசியாவிலேயே முதல்ல எட்டு மணி நேர வேலை வந்தது நம்ம புதுச்சேரியிலதான்னு இன்னிக்கும் பெருமையாச் சொல்லுவாங்க.

அந்த 12 பேரும் அன்னாடம் வேலை செஞ்சவங்க. மில்லுக்குச் செய்ய வேண்டிய கடமையில அவங்க குறை வச்சதில்ல. கடமையைச் செஞ்சா உரிமை தானா வரும்னா அவங்களுக்கு எப்பவோ வந்திருக்கணும். கேட்ட பிறகுதான், அதுவும் உயிரைக் கொடுத்த பிறகுதான் வந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் சட்டம்

1947 ஆகஸ்ட் 15ல இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தப்போ நாம பிரெஞ்சு இந்தியாவுல இருந்தோம். டாக்டர் அம்பேத்கர் தலைமையில சட்ட வரைவுக் குழு அமைச்சு, ஏறக்குறைய மூணு வருஷம் அரசியல் நிர்ணய சபை கூடி அரசியலமைப்பை எழுதினாங்க. அந்தச் சபையில 15 பெண்கள் இருந்தாங்க. சென்னை மாகாணத்துல இருந்து போன அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் மூணு பேரும் அதுல உண்டு. தாட்சாயணி அம்மா தாழ்த்தப்பட்ட சமூகத்துல பிறந்தவங்க. அந்தச் சபைக்கு வந்த ஒரே தலித் பெண் அவங்கதான். ஆனா புதுச்சேரியில இருந்து ஆணும் போகலை, பெண்ணும் போகலை. போக முடியாது, நாம வேற நாடு.

1949 நவம்பர் 26ல அரசியலமைப்பை ஏத்துக்கிட்டாங்க. 1950 ஜனவரி 26ல அது நடைமுறைக்கு வந்தது. நம்ம தவளக்குப்பத்துல இருந்து அபிஷேகப்பாக்கம் வழியா சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்போம். அந்தக் கோயில் கடலூர் மாவட்டம். அதாவது, கோயில் இருக்கற ஊர்க்காரங்களுக்கு 1950ல எல்லா உரிமையும் வந்தாச்சு. கூப்பிடு தூரத்துல இருந்த நமக்கு வரலை. எங்க மாமியாருக்கு அவங்க அம்மா சொல்லுவாங்களாம், கோயிலுக்குப் போனாலும் எல்லையில மூட்டையை அவிழ்த்துக் காட்டிட்டுத்தான் போகணும்னு. பொண்ணு கொடுத்ததும் எடுத்ததும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான். அக்கா ஒரு நாட்டுல, தங்கச்சி ஒரு நாட்டுல.

1954ல இணைப்புப் போராட்டம் சூடு பிடிச்சது. கொம்யூன் பஞ்சாயத்துகள் ஒண்ணொண்ணா இந்தியாவோட சேரணும்னு தீர்மானம் போட்டுச்சு. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூர்ல வாக்கெடுப்பு நடந்தது. சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமா 178 பேர் ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேண்டாம்னாங்க. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி இந்தியா கைக்கு வந்தது. அந்த நாளைத்தான் இப்போ விடுதலை நாளாக் கொண்டாடறோம்.

கீழூர்ல நினைவிடம் இருக்கு. குடும்பத்தோட ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்க. அங்க போனா ஒண்ணு நினைச்சுப் பாருங்க. நம்ம தலைவிதியை எழுதின அன்னிக்கு ஓட்டுப் போட்டது 178 பேர்தான். வயல்ல நாத்து நட்டவங்களையும், கடல்ல வலை போட்டவங்களையும், மீன் கூடை தூக்கினவங்களையும் அன்னிக்கு நேரா யாரும் கேட்கலை. அவங்க தேர்ந்தெடுத்த ஆளுங்க மூலமாத்தான் கேட்டாங்க. அதைக் குறையாச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

ஒரு பஸ் வழக்கு

ஆட்சி கைக்கு வந்தாச்சே, உரிமையும் வந்திருக்குமேன்னு நினைப்போம். வரலை. இதை வக்கீல் அம்மா பயிற்சியில சொன்னப்போ கூட்டமே அமைதியாயிடுச்சு.

1956 மே 28ல இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டாங்க. ஆனா பிரெஞ்சு பாராளுமன்றம் அதுக்கு உடனே ஒப்புதல் கொடுக்கலை. அல்ஜீரியாவுல அவங்களுக்குப் பெரிய சண்டை நடந்துக்கிட்டு இருந்தது. அதனால நம்ம ஊர் நடைமுறையில இந்தியா, சட்டப்படி இன்னும் இந்தியா இல்லைன்னு எட்டு வருஷம் தொங்கிக்கிட்டு இருந்தது.

அந்தச் சமயத்துல பஸ் பர்மிட் விஷயமா புதுச்சேரி தலைமை ஆணையர் போட்ட உத்தரவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கு போச்சு. எங்க அடிப்படை உரிமையைப் பறிச்சுட்டாங்க, காப்பாத்துங்கன்னு கேட்டாங்க. சுப்ரீம் கோர்ட் மத்திய அரசைக் கேட்டது, புதுச்சேரி இந்திய நிலப்பகுதியில சேர்ந்ததா இல்லையா? மத்திய அரசு சொன்ன பதில், இன்னும் சட்டப்படி சேரலை. அப்படின்னா நாங்க அங்க தலையிட முடியாதுன்னு 1961 டிசம்பர்ல கோர்ட் சொல்லிடுச்சு.

நினைச்சுப் பாருங்க. தேசியக் கொடி பறக்குது, இந்திய அதிகாரி ஆட்சி பண்றார். ஆனா உரிமையைக் கேட்டு தட்டறதுக்குக் கதவு இல்ல.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் சட்டப்படி நாம இந்தியாவோட சேர்ந்தோம். அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் புதுச்சேரியை யூனியன் பிரதேசமா எழுதிச்சு. அதே வருஷம் நவம்பர்ல சென்னை ஹைகோர்ட்டோட அதிகாரமும் இங்க வந்தது. 1950 ஜனவரி 26ல இருந்து கணக்குப் போட்டா 12 வருஷம், 6 மாசம், 21 நாள். நாட்டுல மத்தவங்களுக்கு வந்த உரிமை நமக்கு வர அவ்வளவு நாள் ஆயிருக்கு. ஒப்பந்தப்படி விருப்பப்பட்டவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கலாம்னு ஆறு மாசம் தவணை கொடுத்தாங்க. சொல்தா குடும்பங்கள் சிலது இன்னிக்கும் பிரான்ஸ்ல ஓட்டுப் போடறது அதனாலதான்.

வந்தது என்ன?

அப்படி வந்த அடிப்படை உரிமைகள் ஆறு வகை. சட்டத்தின் முன் எல்லாரும் சமம், தீண்டாமை குற்றம்ங்கறது முதலாவது. பேச, கூட்டம் கூட, சங்கம் வைக்க, விரும்பின தொழில் செய்ய, உயிரோட மானத்தோட வாழ உரிமைங்கறது ரெண்டாவது. கொத்தடிமை கூடாது, 14 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளையை ஃபேக்டரி வேலைக்கும் ஆபத்தான வேலைக்கும் வைக்கக் கூடாதுங்கறது மூணாவது. மத உரிமை நாலாவது. சிறுபான்மையோரின் மொழி, பண்பாடு, கல்வி உரிமை அஞ்சாவது. இதுல எது பறிபோனாலும் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போகலாம்ங்கற உரிமை ஆறாவது. இந்த ஆறாவது உரிமையைத்தான் அரசியலமைப்போட இதயமும் ஆன்மாவும்னு அம்பேத்கர் சொன்னார். பஸ் வழக்கைப் படிச்ச பிறகு அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு நமக்குத் தனியா விளக்க வேண்டாம்.

சொத்துரிமையும் முதல்ல அடிப்படை உரிமையா இருந்தது. 1978ல வந்த 44ஆவது திருத்தம் அதை எடுத்து சாதாரண சட்ட உரிமையா மாத்திடுச்சு. ஆனா பொம்பளைப் பிள்ளைக்குச் சொத்துல பங்கு கொடுக்கற இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல இந்தியாவுல வந்தாலும், நம்ம புதுச்சேரிக்கு 1963லதான் வந்தது. அதுவும் இணைஞ்சதால வந்ததுதான்.

நாம மாசா மாசம் குழுக் கூட்டம் போடறோமே, அது 19ஆவது பிரிவு. பேங்க்ல நம்ம பேர்ல கணக்கு வச்சு, நம்ம கையெழுத்துல பணம் எடுத்துத் தொழில் பண்றோமே, அதுவும் அதே பிரிவுல இருக்கு. கூட்டம் கூடினதுக்காகச் சுட்டது இதே ஊர்லதான்.

கடமை எப்போ வந்தது?

இப்போ கடமைக்கு வரேன். தெரு விளக்கு எரியலைன்னு எங்க குழு ஒரு தடவை மனு எழுதிக்கிட்டு ஒரு ஆபீசுக்குப் போனோம். அங்க இருந்த ஒருத்தர் மனுவைப் பார்க்காமலேயே, "முதல்ல அவங்கவங்க கடமையைச் செய்யுங்கம்மா, அப்புறம் உரிமையைப் பேசலாம்"னார். இதை நாம நிறைய இடத்துல கேட்டிருக்கோம். வீட்லயும் கேட்டிருக்கோம். இது சரியான்னு பார்க்கணும்னா சரித்திரத்தைப் பார்க்கணும்.

1950ல அரசியலமைப்பு வந்தப்போ அதுல அடிப்படைக் கடமைன்னு ஒரு பகுதியே இல்ல. உரிமை மட்டும்தான் இருந்தது. கடமை 26 வருஷம் கழிச்சு வந்தது. 1975 ஜூன் 25ல நெருக்கடி நிலை அறிவிச்சாங்க. பத்திரிகைக்குத் தணிக்கை, தலைவருங்க ஜெயில்ல. காரணமில்லாம ஒருத்தரைப் பிடிச்சு உள்ள வச்சாலும் உயிர் உரிமையைச் சொல்லி கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 1976 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அந்த வருஷம்தான் ஸ்வரண் சிங் குழு உட்கார்ந்து, குடிமக்களுக்குக் கடமையை எழுதணும்னு சொன்னது. 42ஆவது திருத்தம் வந்து, 51ஏ பிரிவுல பத்துக் கடமை சேர்ந்தது. 1977 ஜனவரி 3ல அமலுக்கு வந்தது.

அதாவது, உரிமையை மூடி வச்சிருந்த நேரத்துல கடமையை எழுதிக் கொடுத்தாங்க. அதனால கடமையே கெட்டதுன்னு நான் சொல்லலை. அந்தப் பத்தும் நல்ல விஷயங்கள்தான். அரசியலமைப்பு, தேசியக் கொடி, தேசிய கீதத்தை மதிக்கறது, விடுதலைப் போராட்டத்தோட உயர்ந்த எண்ணங்களைப் போற்றறது, நாட்டோட ஒற்றுமையைக் காக்கறது, அழைச்சா நாட்டுக்குச் சேவை செய்யறது, மதம் மொழி தாண்டி சகோதரத்துவம் வளர்க்கறது, பெண்களோட கண்ணியத்துக்கு இழுக்கான பழக்கங்களைக் கைவிடறது, நம்ம பண்பாட்டுச் செல்வத்தைக் காக்கறது, காடு ஏரி ஆறு உயிரினங்களைக் காக்கறது, அறிவியல் மனப்பான்மையை வளர்க்கறது, பொதுச் சொத்தைக் காத்து வன்முறையைத் தவிர்க்கறது, எதைச் செஞ்சாலும் சிறப்பா செய்ய முயற்சி பண்றது. (பெண்கள் கண்ணியமும் சகோதரத்துவமும் சட்டத்துல ஒரே கடமையா எழுதியிருக்கு, புரியறதுக்காகப் பிரிச்சு எழுதினேன்.)

பதினொண்ணாவது கடமையை 2002ல 86ஆவது திருத்தம் சேர்த்தது. 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளையைப் படிக்க வைக்கறது பெத்தவங்க கடமை. அதே திருத்தம்தான் அதே வயசுப் பிள்ளைக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாவும் கொடுத்தது. 2010 ஏப்ரல் 1ல ரெண்டும் நடைமுறைக்கு வந்தது. உரிமையும் கடமையும் எப்படிச் சேர்ந்து இருக்கணும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்ல. பிள்ளைக்கு உரிமை, பெத்தவங்களுக்குக் கடமை, பள்ளிக்கூடம் நடத்தறது அரசாங்கத்தோட பொறுப்பு. பெத்தவங்க கடமை தவறிட்டாங்கன்னு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது.

கூலி இல்ல

இந்த இடத்துலதான் நாம ஏமாந்துடக் கூடாது. நம்ம குழுவுல பஞ்ச சூத்திரம் வச்சிருக்கோம். ஒழுங்கா கூட்டம், ஒழுங்கா சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டறது, கணக்கு எழுதறது. கட்டாதவங்களுக்கு அடுத்த கடன் கிடையாது. அது நாம நமக்குப் போட்டுக்கிட்ட விதி, சரிதான். ஆனா அரசியலமைப்பு அப்படி வேலை செய்யலை. கடமை தவறினவனுக்கும் உரிமை உண்டு. குப்பையை ரோட்டுல கொட்டினவளை அதுக்கான சட்டப்படி அபராதம் போடலாம், ஆனா அவளைக் காரணமில்லாம போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வைக்க முடியாது. உரிமை பறிபோனா கோர்ட்டுக்குப் போகலாம். அடிப்படைக் கடமையைச் செய்யலைன்னு மட்டும் சொல்லி யாரையும் தண்டிக்க முடியாது, அதுக்குத் தனிச் சட்டம் இருந்தாத்தான் உண்டு. கடமை தவறினா தண்டனை வைக்கணும்னு ஸ்வரண் சிங் குழு சொன்னதைப் பாராளுமன்றம் ஏத்துக்கலை.

கூலிதான் வேலை செஞ்சாக் கிடைக்கும். உரிமை கூலி இல்ல, நாம செய்யற கடமைக்கு அதைப் பதிலாக் கொடுக்கறதில்ல. மனுஷியாப் பிறந்ததுக்காக நமக்கு இருக்கறது அது. 1881ல எழுதிக் கொடுத்தாத்தான் உரிமைன்னு சொன்ன கணக்கு 1962 ஆகஸ்ட் 16ஓட இந்தக் குடியரசுல இல்லாம போச்சு.

அப்போ கடமை எதுக்கு? உரிமை நிலைச்சு நிக்கறதுக்கு. என் உரிமை அடுத்தவளோட கடமையில நிக்குது. எனக்குக் குடிக்கத் தண்ணி உரிமைன்னா ஏரியும் குளமும் சுண்ணாம்பாறும் கெடாம பார்த்துக்கறது எல்லாருக்கும் கடமை. எனக்கு மானத்தோட வாழ உரிமைன்னா, பெண்களை இழிவு பண்ற பழக்கத்தை விடறது ஆம்பளைங்களுக்கும் கடமை, வரதட்சணை கேக்கற மாமியாருக்கும் கடமை. 51ஏ பிரிவைப் பெண்களுக்கு மட்டும் படிச்சுக் காட்டறாங்க. அதுல பெண்களோட கண்ணியத்தைப் பத்தி எழுதியிருக்கறதை வீட்ல இருக்கற ஆம்பளைங்களுக்கு நாம படிச்சுக் காட்டலாம்.

அந்த 42ஆவது திருத்தத்துலயே இன்னொண்ணும் வந்தது, இலவச சட்ட உதவி. அதை வச்சு 1987ல சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் போட்டாங்க. அதன்படி பெண்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவசமா வக்கீல் உண்டு. 15100 நம்பருக்குப் போன் பண்ணா வழி சொல்லுவாங்க. நம்ம குழு நோட்டு அட்டையில இந்த நம்பரை எழுதி வச்சுக்குங்க.

இன்னும் வராத ஒண்ணு

ஓட்டுப் போடறது அடிப்படைக் கடமைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அந்தப் பட்டியல்ல ஓட்டு இல்ல. ஓட்டு 326ஆவது பிரிவுல இருக்கற உரிமை. பெண்ணுன்னு பார்க்காம, படிப்பு பார்க்காம, நிலம் இருக்கான்னு பார்க்காம ஒருத்தருக்கு ஒரு ஓட்டு.

ஆனா அந்த ஓட்டை நம்ம ஊர் பஞ்சாயத்துக்குப் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? புதுச்சேரியில 1968ல உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழிச்சு 2006லதான் நடந்தது. அப்போ ஜெயிச்சவங்க பதவிக் காலம் 2011ல முடிஞ்சது. அதுக்குப் பிறகு நான் இதை எழுதற வரைக்கும் தேர்தல் நடக்கலை. நம்ம அரியாங்குப்பம் கொம்யூன் உட்பட யூனியன் பிரதேசத்துல 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து, அஞ்சு நகராட்சி. எல்லாத்தையும் அதிகாரிங்கதான் பார்க்கறாங்க.

1993 ஏப்ரல் 24ல அமலுக்கு வந்த 73ஆவது திருத்தம், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு இடம் பெண்களுக்குன்னு சொல்லுது. 2006 தேர்தல்ல அந்தக் கணக்குலதான் நம்ம மாதிரி பெண்கள் உறுப்பினராவும் தலைவராவும் உட்கார்ந்தாங்க. அன்னிக்குப் பள்ளிக்கூடம் போன பொண்ணுங்க இன்னிக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பெத்து, நம்ம குழுவுல உறுப்பினரா இருக்காங்க. அவங்க ஒரு தடவை கூட ஊர் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டதில்ல. இதுல எந்தக் கட்சியையும் நான் சொல்லலை. மாறி மாறி எல்லாரும் ஆண்டிருக்காங்க.

தெரு விளக்கு, வாய்க்கால், குடிதண்ணி, சுடுகாட்டுப் பாதை, இதெல்லாம் பஞ்சாயத்து வேலை. தேர்ந்தெடுத்த ஆள் இருந்தா வீட்டு வாசல்ல போய்க் கேட்கலாம். அதுவும் அவ நம்ம தெருப் பொண்ணா இருந்தா அடுப்படியிலயே போய்க் கேட்கலாம். இப்போ ஆபீசுக்குப் போய் நிக்கறோம், கடமையைச் செய்யுங்கம்மான்னு கேட்டுட்டு வர்றோம். கணக்கு எழுதவும், கூட்டம் நடத்தவும், தீர்மானம் போடவும், பேங்க் மேனேஜர்கிட்ட எதிர்ல உட்கார்ந்து பேசவும் நம்ம குழுக்கள் இத்தனை வருஷமா நமக்குக் கத்துக் கொடுத்திருக்கு. பஞ்சாயத்து நடத்த வேற என்ன தெரியணும்?

அதனால கூட்டமைப்புக்கு என்னோட பணிவான வேண்டுகோள் மூணு. ஒண்ணு, மாசக் கூட்டத்துல பத்து நிமிஷம் ஒதுக்கி, தடவைக்கு ஒரு உரிமையும் ஒரு கடமையும் படிக்கணும். வளர் இளம் பெண்களையும் உட்கார வைக்கணும். ரெண்டு, மனு கொடுக்கப் போறப்போ தனியாப் போகாம குழுவாப் போகணும், பதில் எழுத்துல கேட்டு வாங்கணும். வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி எழுதிப் போட்டா 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும். மூணு, உள்ளாட்சித் தேர்தல் நடத்தணும்னு எல்லாக் குழுவும் தீர்மானம் போட்டு, கையெழுத்தோட அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்பணும். அப்படித் தேர்தல் வந்தா நம்ம குழுவுல இருந்து ஒருத்தி நிக்கணும்.

கீழூர்ல 178 பேர் ஓட்டுப் போட்டது நமக்காகத்தான். இனிமே நமக்கான முடிவுல நம்ம கையும் இருக்கட்டும்.